வைக்கோல் கட்டோடு லாரியேறும் மண்ணின் சத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உரம் பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் நடந்துவரும் வாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரு வாசகர் யூரியா மூட்டையை விஷ மூட்டை என்கிறார்; ரசாயன உரம் போட்டாலே மண் செத்துவிடும் என்கிறார். அவருக்குப் பதில் எழுதிய இன்னொருவர், சாணத்தை நம்பினால் நாடு பட்டினி கிடக்கும், யூரியா இருந்தால் போதும் என்கிறார். இருவரும் மண்ணுக்காகப் பரிந்து பேசுவதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் கடிதத்தில் மாட்டுத்தொழுவம் இருக்கிறது, மற்றவர் கடிதத்தில் உரக்கடை இருக்கிறது, வயலைத்தான் காணவில்லை. அந்த வயலின் சத்து வைக்கோலோடு லாரியேறிப் போவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் அரசு மண் பரிசோதனை நிலையம் ஒன்றில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மன்னார்குடி வட்டத்தில் எங்கள் குடும்ப நிலத்தில் நெல் சாகுபடியைக் கவனித்துக்கொள்கிறேன். விஞ்ஞானி அல்ல. விவசாயிகள் பையில் கட்டிக் கொண்டுவந்த மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, குடுவையில் போட்டுப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. (வரப்போரம் புல்லோடு பெயர்த்த மண்ணையும், தென்னை மரத்தடி மண்ணையும் "வயல் மண்" என்று சொல்லித் தந்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அது தனிக் கதை.)

நாங்கள் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கரிமச் சோதனை; மக்கிய தழையும் எருவும் மண்ணில் விட்டுவைத்த கார்பன்தான் கரிமம். சலித்த மண்ணில் ஒரு கிராம் எடுத்துக் குடுவையில் போடுவோம். ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் 10 மில்லி ஊற்றி, அதன்மேல் அடர் கந்தக அமிலம் 20 மில்லி விடுவோம். குடுவை கைகொண்டு பிடிக்க முடியாதபடி சுட்டுவிடும். அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தால் மண்ணிலுள்ள கரிமத்தை டைகுரோமேட் எரித்துவிடும். கரிமம் எவ்வளவோ அவ்வளவுக்கு மருந்து செலவாகும்; ஆரஞ்சு மங்கிப் பச்சைப் பக்கம் சாயும். மீதி எவ்வளவு என்பதை இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்போம். ஊதா கலந்த நிறம் ஒரே சொட்டில் பளிச்சென்று பச்சையாக மாறும் நொடியில் குழாயை மூட வேண்டும்.

வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தலடியில் எடுத்த மண்ணும், வருடா வருடம் இரவில் ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்ட நிலத்து மண்ணும் சில நேரம் அமிலம் ஊற்றியதுமே முழுப் பச்சையாகிவிடும். கரிமம் மிகுதி, மருந்து போதவில்லை என்று அர்த்தம். மண்ணின் அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும். நெல் வயல் மண்ணில் எங்களுக்கு அந்தத் தொந்தரவு வந்ததாக நினைவில்லை. ஆரஞ்சு கொஞ்சம் பழுப்படிக்கும், அவ்வளவுதான். கரிமம் அரைச் சதவீதத்துக்குக் கீழே இருந்தால் "குறைவு", 0.75 வரை "நடுத்தரம்", அதற்கு மேல் போனால் "அதிகம்" என்று எழுத வேண்டும். "குறைவு" என்று எழுதி எழுதியே எனக்குக் கை பழகிவிட்டது.

அந்தச் சிறு எண்தான் மற்ற எல்லாவற்றுக்கும் ஆதாரம். யூரியா கரைந்து உண்டாகும் அம்மோனியத்தைப் பிடித்து வைப்பதில் களிமண்ணுக்குத் துணை நிற்பது மக்கிய கரிமப் பொருள்தான். துத்தநாகத்தையும் இரும்பையும் வேர் எடுக்கும் நிலையில் வைத்திருப்பதும் அதுதான். நுண்ணுயிருக்கும் மண்புழுவுக்கும் உணவு அது. கரிமம் வற்றிய களிமண் கோடையில் ஆளின் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. உழுதால் கருங்கல் ஜல்லி கொட்டியதுபோல் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. அந்த நிலத்தில் போட்ட உரத்தில் பாதிகூடப் பயிருக்குப் போகாது. நெல் வயலில் இடும் யூரியாவின் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. மற்றதில் மண்ணில் தங்குவது போக, மீதி தேங்கிய தண்ணீரிலிருந்து அம்மோனியாவாக ஆவியாகிறது, சேற்றுக்குள் நைட்ரஜன் வாயுவாக மாறிப் போகிறது, அல்லது வடிகாலோடு போகிறது.

இனி, ரசாயன உரம் போட்டாலே மண் செத்துவிடும் என்கிற வாசகருக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிராட்பாக் என்று ஒரு கோதுமை வயல் இருக்கிறது. 1843இல் தொடங்கிய சோதனை, இன்னும் நடக்கிறது. ஒரு பாத்திக்கு அன்றிலிருந்து எந்த உரமும் இல்லை. ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழு உரம். வேறு பாத்திகளுக்கு ரசாயன உரம் மட்டும். நூறாண்டுகளுக்கு மேலாக எருப் பாத்தியும் முழு அளவு ரசாயன உரப் பாத்தியும் ஏறத்தாழ ஒரே விளைச்சலைத் தந்தன. ரசாயன உரம் மட்டுமே கண்ட மண்ணில் கரிமம், எதுவும் போடாத பாத்தியைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கிறது. காரணம் எளியது: பயிர் செழித்தால் வேரும் அடித்தாளும் அதிகம், அவை மண்ணிலேயே மக்குகின்றன. எருப் பாத்தியில் கரிமம் இரண்டு மடங்குக்கும் மேல். கலப்பை இழுக்கவும் அங்கே சுலபம். இதெல்லாம் எருவுக்குச் சாதகம். ஆனால் அதே எருப் பாத்தியிலிருந்துதான் மழைக்காலத்தில் நைட்ரேட் அதிகமாகக் கசிந்து நிலத்தடி நீருக்குப் போகிறது என்பதையும் அங்கே அளந்திருக்கிறார்கள். எரு என்றால் குற்றமே இல்லாதது என்று எண்ண வேண்டாம்.

கோதுமை நமக்கு எதற்கு என்று கேட்டால், பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960களில் தொடங்கிய சோதனையில் ஒரே வயலில் ஆண்டுக்கு மூன்று போகம் நெல் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். வைக்கோலை வெளியே எடுத்துவிட்டு, தாளையும் வேரையும் மட்டும் விட்டு, ரசாயன உரத்திலேயே ஓட்டுகிறார்கள். அந்த மண்ணின் கரிமம் குறைந்துவிடவில்லை. தண்ணீர் தேங்கிய வயலில் மக்குவது மெதுவாக நடப்பது அதற்கு ஒரு காரணம். எங்கள் டெல்டாவில் இப்போது அப்படித் தண்ணீர் நிற்பது ஒரு போகம், மிஞ்சினால் இரண்டு. மீதி மாதங்களில் வெயில் காய்ந்து மண் வெடித்துக் கிடக்கிறது. கரிமம் எரிந்து போவது அப்போதுதான்.

அடுத்து, யூரியா இருந்தால் போதும் என்கிற வாசகர். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1970இல் நாடெங்கும் நீண்டகால உரச் சோதனைகளைத் தொடங்கியது. இமாசலப் பிரதேசம் பாலம்பூரில் மக்காச்சோளமும் கோதுமையும் மாறி மாறிப் பயிரிட்ட வயலில், தழைச்சத்து மட்டும் போட்ட பாத்தி என்ன ஆயிற்று தெரியுமா? மண் புளித்து, அதாவது அமிலத்தன்மை ஏறி, காலப்போக்கில் விளைச்சலே இல்லாமல் போய்விட்டது. ராஞ்சியின் செம்மண்ணிலும் யூரியா மட்டும் போட்ட பாத்தி அதே வழியில்தான் போனது. அங்கெல்லாம் விளைச்சல் தளராமல் நின்றது, பரிந்துரைத்த தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து மூன்றோடு தொழு உரமும் சேர்த்துப் போட்ட பாத்தியில். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் 1909இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயல் இருக்கிறது. நம் ஊரிலேயே இருக்கும் அந்த வயலைப் போய்ப் பார்த்தவர்கள், உரத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களில் எத்தனை பேர்?

எங்கள் களிமண் நடுநிலையும் காரமும் கொண்டது. யூரியாவால் அது பாலம்பூர்போல் புளிக்காது. ஆகவே இங்கே சேதம் வேறு விதமாக வருகிறது. கார மண்ணில் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போய், நட்ட மூன்றாம் வாரம் இலையில் துருப்பிடித்ததுபோல் புள்ளி விழும். நிறையப் பேர் அதைத் தழைச்சத்துக் குறை என்று நினைத்து இன்னும் ஒரு மூட்டை யூரியா வீசுகிறார்கள். பயிர் கரும்பச்சையாக நிமிர்ந்து பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் இலைச்சுருட்டுப் புழு, குலைநோய், புகையான் எல்லாம் வரிசையாக வரும். ஐப்பசி மழையில் பயிர் சாயும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை நடவுக்கு முன் மணலோடு கலந்து தூவியிருந்தால் தீர்ந்திருக்கும். பூச்சிமருந்துச் செலவையும் யூரியா கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

சரி, எல்லாரும் நாளைக்கே இயற்கைக்கு மாறிவிட்டால்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம்; அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். நல்ல தொழு உரத்தில் அரைச் சதவீதம். ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்தை எருவில் கொடுக்க நாலு டன் வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மீதி அடுத்தடுத்த போகங்களில் மெல்ல வரும். மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்துப் பரிந்துரை. ஏறத்தாழ மூன்று மூட்டை யூரியா. பன்னிரண்டு டன் எருவை ஒவ்வோர் ஏக்கருக்கும் யார் கொண்டுவந்து கொட்டுவார்கள்? எங்கள் தெருவில் முன்பு வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. இப்போது தெருவுக்கே இரண்டு வீட்டில்தான் மாடு கட்டியிருக்கிறார்கள். அவர்களும் பால் ஊற்றுகிறவர்கள். உழவுக்கு டிராக்டர் வந்த அன்றே எருவும் போய்விட்டது. அதைச் சொல்லாமல் "முன்னோர் எருவில் விளைவித்தார்கள்" என்று மட்டும் சொன்னால் எப்படி?

கணக்குப் போடாமல் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை இலங்கை 2021இல் பார்த்தது. ஏப்ரல் இறுதியில் கோத்தபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. எல்லா விவசாயிக்கும் ஒரே போகத்தில் மாற்று எரு எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தின் மாதிரியில் தீங்கான கிருமி இருப்பதாகச் சோதனையில் தெரிந்து, சரக்கை இறக்காமலே திருப்பினார்கள். கடைசியில் அதற்கும் 67 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் கையை விட்டுப் போயிருந்தது. கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீரில் நெல் போடும் நம்மவர்களும் அந்த அடியிலிருந்து தப்பவில்லை. இதை வைத்து "பார்த்தீர்களா, இயற்கை விவசாயம் தோற்றது" என்று உங்கள் வாசகர் எழுதியிருந்தார். அங்கே தோற்றது அவசரம்.

இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா இதே காவிரிப் படுகையில், தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்தவர். அவரால்தான் எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனால் அவர் பெயரைச் சொல்லிப் புட்டியில் அடைத்து விற்கிறவர்களிடம் அந்த மரியாதை கிடையாது.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, எங்கள் வயல்களின் கரிமமும் சாம்பல் சத்தும் லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றன. தை, மாசியில் மன்னார்குடிப் பக்கம் எந்தச் சாலையில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். அறுவடை இயந்திரம் வயலைவிட்டு ஏறிய மறுநாளே வைக்கோல் கட்டும் இயந்திரம் இறங்குகிறது. சுருட்டிச் சுருட்டிப் போட்ட கட்டுகள் பொழுது சாய்வதற்குள் லாரியில் கூரை உயரத்துக்கு அடுக்கப்பட்டுக் கேரளத்துக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் போகின்றன. கட்டுக்கு இவ்வளவு என்று கையில் காசு வருகிறது. சிலருக்கு அதுவும் வருவதில்லை. அடுத்த உழவுக்கு வயல் காலியானால் சரி என்று சும்மா கொடுத்துவிடுகிறார்கள்.

நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் ஐந்தில் நாலு பங்கு நெல்லில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. ஒரு டன் வைக்கோலோடு சுமார் 15 கிலோ பொட்டாசியம் போகிறது. ஏக்கருக்கு இரண்டு டன் என்று வைத்தால் 30 கிலோ. கடையில் விற்கும் பொட்டாஷ் உரமாக மாற்றினால் 60 கிலோ. ஒரு மூட்டைக்கும் மேல். ஒரு மூட்டை பொட்டாஷ் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் குறையாது. நம்மில் பெரும்பாலோர் ஏக்கருக்கு அரை மூட்டை போடுவதே அபூர்வம். இதோடு 800 கிலோவுக்குக் குறையாத கரிமமும் போகிறது. நெல்லின் தண்டுக்கு உறுதி தருகிற மணற்சத்தாகிய சிலிக்காவும் போகிறது. எங்கள் களிமண்ணில் சாம்பல் சத்து இயல்பிலேயே ஓரளவு இருப்பதால் இந்த நஷ்டம் உடனே கண்ணில் படுவதில்லை. சாய்கிற பயிரிலும், பதரான கதிரிலும் மெல்லத்தான் தெரியும். அப்போது ரகத்தைக் குறை சொல்வோம்.

என் மாமனார் காலத்தில் வைக்கோல் ஊரைவிட்டுப் போகவில்லை. களத்திலேயே போராக ஏறும். மாடு தின்று சாணமாக்கும். சாணமும் மாட்டுக்கடியில் மூத்திரத்தில் நனைந்த கூளமும் குப்பைக்குழிக்குப் போய்ச் சித்திரையில் வண்டியேறி வயலுக்கு வரும். அவர் ரசாயன உரத்துக்கு எதிரியும் அல்ல. 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் அதற்குப் பாக்கேஜ் திட்டம் என்று பெயர். அதில் வந்த அம்மோனியம் சல்பேட்டைத் தயங்காமல் வாங்கிப் போட்டவர்களில் அவரும் ஒருவர். ஆடுதுறை 27 நெல் ரகத்தை நட்டவர். ஆனால் அது மேலுரம். அடியில் எருவும் கொளுஞ்சித் தழையும் இருந்தன. அந்த மேலுரம் எடுபட்டதற்குக் காரணமே அடியில் கிடந்தது. அடுத்த தலைமுறை அடியை விட்டுவிட்டு மேலை மட்டும் பிடித்துக்கொண்டது.

போனது வைக்கோல் மட்டும் இல்லை. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பயறும் விதைப்பது டெல்டாவின் வழக்கம். நெல் அறுத்தபின் பனியிலேயே அது வளரும். உழவு இல்லை, தண்ணீர் இல்லை. மண்ணுக்குத் தழைச்சத்தும் வேரும் மிச்சம். இப்போது அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைத்த உளுந்தை மிதித்துச் சேறாக்கிவிடுகிறது. அறுப்பதற்கு ஆளும் இல்லை. கோடையில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வந்து கிடை போடுவார்கள். இன்னும் வருகிறார்கள்தான். ஆனால் பருத்தி போட்ட வயலில் எங்கே கிடை போடுவது?

வைக்கோலை விற்காதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் அறுவடை இயந்திர வாடகையில் ஒரு பகுதி அடைபடுகிறது. கொளுத்துவதைவிட மாட்டுக்குப் போவது மேல். ஆனால் விற்றதை வரவில் எழுதும்போது, வயலிலிருந்து போன பொட்டாஷைச் செலவிலும் எழுத வேண்டும். வயலில் விட நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வைக்கோலை அப்படியே சேற்றில் அமுக்கி மறுநாளே நட்டால் நாற்று வெளுத்து நின்றுவிடும். வைக்கோலை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்வதால் வரும் வினை. வயலில் கால் வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், மீத்தேன் வாயு வேறு. நடவுக்கு இரண்டு வாரமாவது முன்னால் தாளைத் தண்ணீர் வைத்து மடக்கி உழ வேண்டும். அப்போது எக்டேருக்கு 22 கிலோ, அதாவது ஏக்கருக்கு 9 கிலோ யூரியா போடச் சொல்லிப் பரிந்துரையே இருக்கிறது. வைக்கோல் மக்குவதற்கு யூரியா உதவுகிறது. விஷ மூட்டை என்று எழுதிய வாசகர் இதைக் கவனிக்க வேண்டும்.

விவசாயி ஏன் யூரியாவையே நாடுகிறார் என்றால், அதன் விலையைப் பாருங்கள். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2010இல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்கு மானியத்தைச் சத்து அடிப்படையில் மாற்றிய மத்திய அரசு யூரியாவை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அதனால் தழையும் மணியும் சேர்ந்த டிஏபி உரம் 50 கிலோ 1,350 ரூபாய். பொட்டாஷ் அதற்கும் மேல். யூரியா மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. நாலு டன் எருவை வாங்கி, ஏற்றி, இறக்கி, இறைத்து முடிக்கப் பல ஆயிரம் ஆகும்போது, 266 ரூபாய்க்கு அதே தழைச்சத்து கிடைக்கிறது என்றால் யார்தான் மூட்டையை விடுவார்கள்? குற்றம் விவசாயியின் அறியாமையில் இல்லை. அவர் மிகச் சரியாகக் கணக்குப் போடுகிறார். கணக்கைத்தான் அரசு கோணலாக எழுதிக் கொடுத்திருக்கிறது.

அந்த மலிவு யூரியாவும் தேவைப்படும் வாரத்தில் கிடைப்பதில்லை. போன சம்பாவில் மேலுரம் போடும் சமயம் பக்கத்து டவுன் கடை ஒன்றில் ஆதார் அட்டையோடு வரிசையில் நின்றேன். இரண்டு மூட்டை கேட்டதற்கு, கூடவே ஒரு வாளிக் குருணை உரமும், இலையில் தெளிக்கும் நானோ யூரியாப் புட்டி ஒன்றும் எடுத்து மேசைமேல் வைத்தார் கடைக்காரர். வாளியில் "இயற்கை" என்று பச்சை எழுத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே என்ன சத்து, எத்தனை சதவீதம் என்பது கண்ணாடி போட்டுத் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. வேண்டாம் என்றேன். "அம்மா, கம்பெனிக்காரர்கள் எங்கள் தலையில் கட்டுகிறார்கள், நாங்கள் உங்கள் தலையில் கட்டுகிறோம். எல்லாரும் வாங்குகிறார்கள்" என்றார். அவரையும் முழுதாகக் குறை சொல்வதற்கில்லை. இப்படி இணைத்து விற்கக் கூடாது என்று அரசு அறிவிப்பு வருவதும், அடுத்த பருவத்தில் அதே வாளி மேசைக்கு வருவதும் வழக்கமாகிவிட்டது. முதலில் வந்த நானோ புட்டியின் கணக்கு இன்னும் வேடிக்கை. 500 மில்லியில் 4 சதவீதத் தழைச்சத்து என்றால் 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பது 20 கிலோ. மூட்டைக்குப் பதில் புட்டி என்று விளம்பரம் செய்தவர்களுக்குக் கிராமும் கிலோவும் ஒன்றாகத் தெரிந்தது போலிருக்கிறது.

மண்வள அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம். 12 அளவுகள் பார்த்துத் தருகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு, அதாவது ஆறு ஏக்கருக்கு மேல், ஒரு மாதிரி என்று விதி வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கு ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர். ஒருவர் வயலில் எடுத்த மண்ணின் கணக்கு நாலைந்து பேர் பெயரில் அச்சாகி வருகிறது. கிடை போட்ட வயலும் போடாத வயலும் ஒரே அட்டையில் "குறைவு" என்று வந்தால், கிடை போட்டவர் அடுத்த ஆண்டு எதற்குக் காசு கொடுத்துப் போடுவார்? இன்னொன்று. ஓர் ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை சுமார் ஒன்பது லட்சம் கிலோ. கரிமம் 0.1 சதவீதம் கூட வேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். போடுகிற எருவின் கரிமத்தில் பெரும்பகுதி மக்கிக் காற்றோடு போகும், தங்குவது கொஞ்சம். ஆகவே ஒரு வருடம் ஐந்து டன் எரு போட்டுவிட்டு அட்டையில் எண் மாறவில்லை என்று கைவிடுகிறவர்கள் ஆய்வகத்தைத் திட்டிப் பயனில்லை. ஆண்டுகள் எடுக்கும்.

எருவும் வைக்கோலும் இல்லாத இடத்தில், கையில் எஞ்சியிருப்பது பசுந்தாள் உரம். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை. கோடை மழை ஈரத்தில் விதைத்துவிட்டால் நாற்பத்தைந்து நாளில் இடுப்புயரம் வந்து பூவெடுக்கும். அப்போது மடக்கி உழ வேண்டும். வேர் முடிச்சை நசுக்கிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று அர்த்தம். நன்றாக வந்தால் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கலாம். மேலுரத்துக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது; பச்சை நிறப் படிகளுக்கு எண் போட்டிருக்கும், இலையை அதோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. இலை அந்த நிறத்துக்குக் கீழே வெளுத்தால் போட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். அந்த யூரியாவையும் ஐந்து பங்குக்கு நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்பிண்ணாக்குக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் போட்டால் வீணாவது குறையும். இவை எதுவும் ரகசியம் அல்ல. எல்லா வேளாண் கையேட்டிலும் இருப்பவைதான்.

தமிழக அரசு 2024இல் அறிவித்த "முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்தில் பசுந்தாள் உர விதை இரண்டு லட்சம் ஏக்கருக்கு என்று வைத்தார்கள். வரவேற்கிறேன். தமிழ்நாட்டில் நெல் சாகுபடியாகும் பரப்பு ஐம்பது லட்சம் ஏக்கருக்கு மேல் என்பதையும் நினைவுபடுத்துகிறேன். அளவைவிட எனக்குப் பெரிய கவலை நாள். மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவை போடுகிறவருக்குத் தக்கைப்பூண்டு விதை சித்திரை பிறக்கும்போதே கையில் இருக்க வேண்டும். ஒரு முறை எங்களுக்கு விதை வந்து சேர்ந்தபோது நாற்றங்காலே விட்டாயிற்று. அந்த மூட்டை இன்னொரு வருடம் காத்திருந்து பாதி முளைப்புத் திறனை இழந்தது.

ஆகவே என் கோரிக்கைகள் இரண்டே. பசுந்தாள் விதையை மார்ச் மாதத்துக்குள் வேளாண் விரிவாக்க மையங்களில் இறக்க வேண்டும். வராவிட்டால், விவசாயி வெளியே வாங்கிய விதையின் ரசீதுக்குப் பணம் தர வேண்டும். இரண்டாவது, யூரியாவுக்குத் தரும் மானியத்தில் ஒரு சிறு பங்கையாவது, தாளையும் வைக்கோலையும் வயலிலேயே மடக்கி உழுகிறவருக்கும் கிடை போடுகிறவருக்கும் ஏக்கர் கணக்கில் கொடுக்க வேண்டும். வைக்கோல் கட்டும் இயந்திரம் வாங்க மானியம் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். யூரியாவா சாணமா என்று மேலும் கடிதங்கள் வெளியிடுவதற்குப் பதிலாக, திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் வரும் ஆண்டு எந்த விரிவாக்க மையத்துக்கு எந்தத் தேதியில் எத்தனை கிலோ தக்கைப்பூண்டு விதை வந்தது என்று உங்கள் செய்தியாளர்களை விட்டுக் கேட்டு, பட்டியலாக வெளியிடுங்கள். மேட்டூர் நீர்மட்டம் போடுகிற அதே மூலையில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் பரிசோதனை நிலைய ஊழியர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.